முகமும் வேண்டும், மலையும் வேண்டும்: திருகோணமலையில் வெளிப்புறப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருமலையில் கல்யாணம், ப்ரீ ஷூட், பூப்புனித நீராட்டு விழா என்று வெளிப்புறப் படங்கள் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கொழும்பிலிருந்து வருகிற ஆட்களும், புதிதாகக் கமரா வாங்கிய உள்ளூர்த் தம்பிமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆளைப் பெரிதாக எடுத்தால் கோணேசர் மலை குட்டியாகிறது. மலையைச் சேர்த்தால் ஆள் எறும்பாகிறார். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். கமராவை மாற்ற வேண்டாம், நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

டச்பே கடற்கரைக்குப் போய் இதை ஒருதரம் செய்து பாருங்கள். தங்கச்சியோ நண்பனோ யாரையாவது மணலில் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் சுவாமி மலை, அதாவது கோணேசர் மலை, வர வேண்டும். நீங்கள் இரண்டு மீற்றர் தள்ளி நின்று போனின் சாதாரண லென்ஸில் ஒரு படம் எடுங்கள். ஆள் நிறைவாக இருப்பார், மலையோ அவருடைய தோளுக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிற மாதிரி இருக்கும். சரி, ஆள் அசையாமல் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் மட்டும் பின்னால் நடந்து ஆறு மீற்றர் தூரத்துக்குப் போங்கள். இப்போது மூன்று மடங்கு ஸூம் வைத்து எடுங்கள். ஆள் முதல் படத்தில் இருந்த அதே அளவில்தான் இருப்பார். மலை மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு வளர்ந்து நிற்கும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரம் மூன்று மடங்கானது. மலையோ எங்கேயோ தூரத்தில் கிடக்கிறது, நீங்கள் நாலு மீற்றர் பின்னால் போனதை அது கவனிக்கவே இல்லை. ஸூம் பண்ணும்போது இரண்டும் சேர்ந்து மூன்று மடங்காகின்றன. ஆள் பழைய அளவுக்கு வந்துவிடுகிறார், மலை வளர்ந்துவிடுகிறது. பெரிய கமராக்காரர்கள் 35 மி.மீ. லென்ஸைக் கழற்றி 85 அல்லது 135 போடுவதும் இதற்குத்தான் (எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்). லென்ஸை மட்டும் மாற்றிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றால் படம் வெட்டுப்படுமே தவிர, ஆளுக்கும் மலைக்கும் உள்ள விகிதம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் எறும்பாக இருப்பது எப்போதும் பிழை இல்லை. நிலாவெளியில் காலையில் ஆளில்லாத கரையில் சிவப்புச் சேலையோடு ஒரு பெண் தூரத்தில் நடந்துபோவது, அந்தச் சின்ன உருவத்தாலேயே வடிவாக இருக்கும். ஆனால் அப்படி எடுத்தால் உருவம் வெறும் மணலிலோ வெறும் தண்ணீரிலோ விழ வேண்டும். தோணிகளுக்கும் வலைகளுக்கும் நடுவில் விழுந்தால் தேட வேண்டியதுதான்.

கெட்டுப்போவது நடுவில் நிற்கிற படங்கள்தான். ஆளுக்குப் பாதி, மலைக்குப் பாதி என்று பங்கு பிரிக்கப் போனால் காணிச் சண்டை மாதிரித்தான் முடியும். இந்தப் படத்தில் யார் பெரியவர் என்று பட்டனை அமத்த முன்னமே முடிவெடுங்கள். மற்றவர் துணைக்கு நிற்கட்டும்.

பின்னணியை நன்றாக மங்க வைத்தால்தானே படம் "புரொபஷனலாக" இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொடக்க காலத்தில் ஒரு சோடியைக் கோணேசர் மலைக்குப் போகிற வழியில் உள்ள பிரெட்றிக் கோட்டைக்குள் கூட்டிப்போய், 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலமாகும், பின்னணி மங்கும்) திறந்துவைத்து ஒரு காலை முழுக்க எடுத்தேன். பின்னால் நீலமாகவும் பச்சையாகவும் குழைத்து ஊற்றின மாதிரி ஒரு மங்கல். எனக்கு ஒரே பெருமை. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த பெண்ணின் அம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, இத எங்கட வீட்டு மதிலடியிலேயே எடுத்திருக்கலாமே. ஏன் எங்கள வெயிலுக்குள்ள மலையில ஏத்தினீங்க?"

அந்த லென்ஸில், மூன்று மீற்றர் தூரத்தில், எஃப் 1.8-இல் கூர்மையாக விழுகிற ஆழம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர்தான். சோடியில் ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் அவருடைய கண்ணே கலங்கிவிடும். மலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது எனக்குப் பழகிப்போனது 50 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, நாலு மீற்றர் தூரம். முகம் கூர்மையாக இருக்கும். பின்னணி கொஞ்சம் இளகி இருக்கும், ஆனால் பார்க்கிறவருக்கு அது எந்த இடம் என்று தெரியும். முழுக்க மங்க வைப்பதற்கும் இடம் உண்டு. பின்னால் மின்கம்பி, பொலித்தீன், வாகனத் தரிப்பிடம் என்று அசிங்கமாகக் கிடந்தால் தாராளமாக மங்க வையுங்கள்.

காலையில் வரவா, மாலையில் வரவா?

கொழும்பு ஆட்கள் எல்லாரும் "கடலில் சூரியன் மறையும்போது" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். காலிமுகத்திடலில் அது சரி. இது கிழக்குக் கரை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் டச்பேயிலும் சூரியன் கடலில் இருந்து எழும்பும், ஊருக்குப் பின்னால்தான் போய் விழும்.

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெளிச்சம் ஆளின் முதுகில் விழும். தலைமுடியைச் சுற்றிப் பொன் கோடு வரும், முகம் இருட்டாகும். நிழலுருவப் படங்களுக்கும், முக்காடு அல்லது சேலைத் தலைப்பு ஒளி ஊடுருவி மின்ன வேண்டிய படங்களுக்கும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. முகமும் கடலும் இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால் மாலைதான். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து ஆளின் முகத்திலும் கடலிலும் ஒரே அளவாக விழும், கமரா திண்டாடாது.

மாலையிலும் எனக்குப் பிடித்தது சூரியன் மறைந்த பிறகு வருகிற பத்துப் பதினைந்து நிமிடம். மற்றவர்கள் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வடையும் தேத்தண்ணியும் தேடிப் போகிற நேரம் அது. கடல் பக்கம் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொன்று. கீழே இருப்பது பூமியின் நிழல். மேற்கு வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி மெத்தென்று முகத்தில் வெளிச்சம் போடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு இராது, யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் இருட்டுச் சட்டென்று இறங்கிவிடும். இருபது நிமிடம் கடந்தால் அவ்வளவுதான். இடத்தையும் ஆளையும் முன்னமே நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை உட்துறைமுக வீதிக்குக் கூட்டிப்போவேன். அங்கே தண்ணீர் மேற்குப் பக்கம், எதிர்க்கரையில் மலைகள். தோணிகளும் நிற்கும். ஆசை தீரும்.

எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். என்ன செய்ய?

கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டு நேரே வருகிற சோடிகளின் கதை இது. நிலத்தில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் வெட்டவெளியில் முகத்தை எடுக்காதீர்கள். ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் இங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், கண் குழி இரண்டும் கறுப்புக் கிணறாகிவிடும்.

கோட்டைக்குள் பெரிய மரங்கள் இருக்கின்றன. ஆளை மரநிழலின் உள்ளே நிறுத்தாமல், நிழல் முடிகிற ஓரத்தில், வெளிச்சப் பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். பின்னணியும் நிழலாகவே இருக்கட்டும். நிழலில் ஆள், பின்னால் கொதிக்கிற கடல் என்று வைத்தால் கடல் வெள்ளையாகப் பொங்கிவிடும்.

கட்டாயம் கடல் வேண்டும் என்றால் ஃபிளாஷ் தேவை. பல கமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகிற உச்ச ஷட்டர் வேகம் நொடியில் 1/200 அல்லது 1/250. ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100-இல் நல்ல வெயிலுக்கு அந்த வேகத்தில் எஃப் 11 வரை மூட வேண்டி வரும். பின்னணி கொஞ்சம் இளக வேண்டும், எஃப் 2.8 வேண்டும் என்றால் வெளிச்சத்தை நாலு படி (ஒவ்வொரு படிக்கும் பாதியாக) குறைக்கிற என்டி ஃபில்டரை மாட்டுங்கள். ஆனால் ஃபில்டர் ஃபிளாஷையும் சேர்த்துத்தான் குறைக்கும், அதனால் ஃபிளாஷைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதைப் பிடிக்கிற தம்பிக்குக் கை நோகும், முன்னமே சொல்லி வையுங்கள்.

முகம் கறுப்பாக விழுகிறது. முகத்தைச் சரிப்படுத்தினால் வானம் வெள்ளையாகிறது.

மணலும் கடலும் பளபளவென்று இருக்கும்போது கமரா "அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்" என்று பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். எங்கள் ஆட்களின் மாநிறத் தோலில் அந்த நட்டம் இன்னும் கூடத் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் படியிலிருந்து ஒரு படி வரை கூட்டிப் பாருங்கள்.

அதற்குமேல் ஒரு ரெஜிபோம் பலகை போதும். ரிவி பெட்டிக்குள் வருகிற அந்த வெள்ளைப் பலகையைத்தான் நான் வருடக்கணக்காகப் பாவிக்கிறேன். ஆளுக்கு ஒரு மீற்றர் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் பிடித்தால் கண்ணுக்குள் ஒளி வந்து உட்காரும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் பலகை பறந்து கடலுக்குப் போன நாளும் உண்டு. ஓடிப்போய் எடுத்து வந்தேன், ரெஜிபோமைக் கடலில் விட்டுவிட்டு வருவது பாவம்.

முகத்தை வெளிச்சமாக்குவது வேறு, வெள்ளையாக்குவது வேறு. "அண்ணா, கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு படமும் காட்டுவேன். வெள்ளையாக்கியதில் ஆள் அந்தக் கடற்கரைக்கே வராத மாதிரி, எங்கேயோ வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். மாலை வெயில் மணலைப் பொன்னிறமாக்கும்போது முகமும் அதே பொன்னில்தானே இருக்க வேண்டும்?

கடல் கோடு படத்தில் எங்கே வர வேண்டும்?

கழுத்தில் வரக்கூடாது, கண்ணில் வரக்கூடாது. கழுத்தில் வந்தால் கத்தி மாதிரி. நான் கமராவை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் இறக்குவேன். கோடு ஆளின் நெஞ்சுக்குக் கீழே இறங்கிவிடும், தலை வெறும் வானத்தில் தனியாக நிற்கும். வானம் வெறுமையாக, வெளிறிப்போய் இருந்தால் எதிர்மாறாகச் செய்யுங்கள்: கோணேசர் மலைப் பாதையில் உயரமான படியில் ஏறி நின்று, ஆளைக் கீழே விட்டு, தண்ணீரையே பின்னணியாக்குங்கள். கோடு தலைக்கு மேலே போய்விடும்.

கோடு சாய்ந்து இருந்தால் கடல் ஒரு பக்கமாக வழிந்து ஓடும். போனிலும் கமராவிலும் கட்டக்கோடு போடுகிற வசதி இருக்கிறது.

கோட்டைக்குள் மான்களோடு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் மான் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒருமுறை மாப்பிள்ளையின் சிரிப்பிலேயே என் கவனம் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கணினியில் திறந்தால் அவருடைய தலைக்குப் பின்னால் சரியாக ஒரு கலைமான் நிற்கிறது. மாப்பிள்ளைக்குக் கொம்பு முளைத்திருந்தது. பெண் வீட்டார் இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஆளைப் பார்க்க முன்னம் ஆளின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் பார்ப்பேன். கொம்பு, கொடிக்கம்பம், தென்னை, விளக்குக் கம்பம் எதுவானாலும் ஒரு அடி பக்கத்துக்கு நகர்ந்தால் போய்விடும். மானைக் கூப்பிடுவதற்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும்.

என்ன நிறத்தில் உடுத்துவது?

கடலுக்கு முன்னால் நீலம் வேண்டாம், கோட்டை மரங்களுக்கு முன்னால் பச்சை வேண்டாம். சிவப்பு, மஞ்சள், மாம்பழ நிறம் எங்கேயும் எடுபடும். முழு வெள்ளை நடுப்பகலில் எரிந்துவிடும், மாலையில் வடிவாக இருக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டை மட்டும் வேண்டவே வேண்டாம்.

காற்றில் முடியும் சேலையும் பறக்கிறது. அது நல்லதா கெட்டதா?

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும். (கொறிக்கிற கச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடற்கரையில் இரண்டும் கிடைக்கும்.) அது தென்மேற்கில் இருந்து, தரைப் பக்கமாக வருகிற வறண்ட காற்று. மாலையில் ஆளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் காற்று முகத்தில் அடிக்கும், முடி பின்னால் போகும், சேலைத் தலைப்பு கடல் பக்கம் விரியும். வெளிச்சமும் அதே பக்கத்திலிருந்துதான் வருகிறது. இந்தக் காலத்தில் கடலும் அமைதி. மணல் கண்ணுக்குள் போவது ஒன்றுதான் தொல்லை, அதனால் ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லுவேன்.

மாரியில் வாடைக் காற்று கடலில் இருந்து வரும். அதே நிலையில் நின்றால் முடி முழுக்க முகத்தை மூடும். அப்போது ஆளைக் கரைக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள், அல்லது பின்னிக் கட்டி விடுங்கள்.

கமரா இல்லை, போன்தான். முடியுமா?

முடியும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடற்கரையில் பத்து நிமிடத்தில் உப்புப் படலம் ஏறிவிடும், படம் புகை பிடித்த மாதிரி வருவதற்கு அதுதான் காரணம். ஆகக் கூடுதல் அகல லென்ஸில் ஆளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், கையும் தலையும் இழுபட்டுப்போகும். முகத்தைத் தொட்டு அமத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். போர்ட்ரெயிட் மோட் பறக்கிற முடியையும் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் வெட்டித் தள்ளும். அதை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன மாதிரி பின்னால் நடந்து இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஸூம் வைத்து எடுங்கள்.

இருபது பேர் இருக்கிற குடும்பப் படத்தில் பின்னணி எப்படி?

35 மி.மீ., எஃப் 8, ஐந்து மீற்றரில் ஃபோகஸ். முழுச் சட்டகக் (ஃபுல் பிரேம்) கமராவில் இரண்டரை மீற்றரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக விழும். பின் வரிசை மாமாவும் தெரிவார், கோபுரமும் தெரியும். அம்மம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டுபோங்கள். படிக்கட்டில் அவரை ஏற்றி இறக்காதீர்கள்.

எங்கெல்லாம் எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது?

கோணேசர் கோயிலின் உள்ளே கமராவை எடுக்காதீர்கள். வெளியே, சிவன் சிலைப் பக்கம், எல்லாரும் எடுக்கிறார்கள், ஆனால் பூசை நேரத்தில் வழியை மறித்து நிற்பது அழகில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, முகாம் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். கடற்படைத் தளமும் அப்படித்தான். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் இருக்கிற ஊரில் சும்மா பறக்க விட்டால் கேள்வி வரும். மார்பிள் கடற்கரை விமானப்படையின் பொறுப்பில் இருப்பது, வாசலிலேயே கேட்டுவிடுங்கள். புறாமலைத் தீவு 2003-இல் இருந்து தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், பவளப்பாறையில் ஏறி நின்று போஸ் கொடுக்க முடியாது.

கோணேசர் கோயிலுக்குப் பக்கத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டின குட்டித் தொட்டில்கள் தொங்கும். பின்னால் கடலோடு பார்க்கக் கமராவுக்கு ஆசை வரும். ஒருமுறை ஒரு சோடி அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அது யாரோ ஒருத்தியின் நேர்த்தி. அதோடு அந்த ஓரம் பாதாளம், "இன்னும் ஒரு அடி பின்னுக்கு" என்று அங்கே நான் ஒருபோதும் சொல்வதில்லை.

மழைக்காலத்தில் முற்பதிவு செய்துவிட்டோம். திகதியை மாற்றவா?

ஐப்பசி தொடக்கம் தை வரை மழை எப்போதும் வரலாம். ஆனால் மழை விட்ட அரை மணி நேரத்தில் வானத்தில் கறுப்பு மேகம் நிற்க, மேற்கில் கொஞ்சம் திறந்து வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது டச்பேயில் ஈர மணல் கண்ணாடியாகும், மலை கருநீலமாக நிற்கும், முகத்தில் மட்டும் மஞ்சள் வெயில் விழும். அந்த வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. திகதியை மாற்றாதீர்கள். ஒரு குடை, இரண்டு துவாய், கமராவுக்கு ஒரு ஷவர் கப், மாற்று உடுப்பு, இவ்வளவும் கொண்டுவாருங்கள். குடை கறுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும். விளம்பரம் அச்சடித்த குடை வேண்டாம்.